அல்லிராணி கோட்டையில் ஸ்கானர் என்ன காட்டும்?

ரீச்சர் பதில்கள்

(மன்னார்க் கரையில் உள்ள அரிப்பு என்ற ஊரின் முத்துக்குளிப்பைப் பற்றிப் போன இதழில் போகிறபோக்கில் நாலு வரி எழுதினேன். கடிதங்கள் குவிந்துவிட்டன. இந்த மாதம் முழுக்க அந்தக் கரைதான்.)

கேள்வி: ரீச்சர், சிலாவத்துறைப் பக்கம் இருக்கிற அல்லிராணி கோட்டையில், அல்லிராணி முத்துப் பெட்டகங்களைப் புதைத்து வைத்திருக்கிறாளாம். என் நண்பர்கள் ஒரு ஸ்கானரை வாடகைக்கு எடுத்துக்கொண்டு வருகிற பௌர்ணமி இரவு போகப் போகிறார்கள். நான் பெட்ரோல் காசு மட்டும் போட்டால் போதுமாம். போகலாமா?
— வவுனியா வாசகர்

பதில்: பெட்ரோல் காசைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், தம்பி.

வாடகைக்குக் கிடைக்கிற மெஷின்கள் பெரும்பாலும் உலோகத்தைக் கண்டால்தான் கத்தும். முத்து உலோகமில்லை, சிப்பிக்குள் படலம் படலமாக ஊறிய சுண்ணாம்பு. அல்லிராணியே எழுந்து வந்து ஒரு கூடை முத்தை அதன் மேல் கொட்டினாலும் மெஷின் வாய் திறக்காது. அந்தக் கரையில் அது கத்தினால், யுத்த காலத்துத் துப்பாக்கிச் சன்னமோ அதைவிடப் பொல்லாத ஒன்றோ கீழே கிடக்கிறது என்றுதான் நான் நினைப்பேன். பௌர்ணமி வெளிச்சத்தில் அதைத் தோண்டிப் பார்க்க ஆசையா?

அடுத்தது, அல்லிராணிக்கும் அந்தக் கட்டடத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கட்டியவர் பிரெட்ரிக் நோர்த், இலங்கையின் முதல் பிரித்தானியத் தேசாதிபதி. 1801இல் தொடங்கி 1804 அளவில் முடித்தார். இங்கிலாந்து அமெரிக்காவைப் பறிகொடுத்தபோது பிரதமராக இருந்த லோர்ட் நோர்த்தின் கடைசி மகன் இவர். மகனுக்குக் கிரேக்கப் பைத்தியம். இலங்கைக்கு வருமுன்பே கிரேக்க நாட்டைச் சுற்றித் திரிந்து, 1791இல் கோர்பூ தீவில் கிரேக்க வைதீகத் திருச்சபையில் சேர்ந்தவர். வயதான காலத்தில் அதே தீவில், 1824இல், ஒரு கல்விக்கழகமும் நிறுவினார். இப்படிப்பட்ட மனிதர் மன்னார்க் கரையில் வீடு கட்டினால் எப்படிக் கட்டுவார்? பழைய கிரேக்கக் கோயில்களில் இருப்பதுபோலத் தடித்த டோரிக் தூண்களை நிறுத்தித்தான். ஆங்கிலேயர் அந்த வீட்டை ‘டோரிக்’ என்றே அழைத்தார்கள்.

சுவர் செங்கல். மேற்பூச்சு, சிப்பி சுட்ட சுண்ணாம்பு. முத்தெடுத்தபின் மலைமலையாய்க் குவிந்த சிப்பி ஓட்டைச் சுட்டு, அரைத்து, பளிங்குபோல மினுங்கும்படி பூசியிருக்கிறார்கள். நோர்த் காலத்தில் கொழும்பில் பாதிரியாராக இருந்த ஜேம்ஸ் கோர்டினர், இந்தத் தீவிலேயே மிக வடிவான கட்டடம் இதுதான் என்று எழுதி வைத்தார். இன்றைக்குப் போய்ப் பார்த்தால் அந்தப் பாதிரியார் மேல் சந்தேகம் வரும். கூரை இல்லை, தளம் இல்லை, கடல் ஒரு பக்கத்தை அரித்துக்கொண்டே வருகிறது. ஆனால் பூச்சு மிஞ்சியிருக்கிற ஒரு மூலையைக் கையால் தடவிப் பாருங்கள். இருநூறு வருட உப்புக்காற்றுக்குப் பிறகும் அந்த வழவழப்பு போகவில்லை.

அல்லி எங்கிருந்து வந்தாள்? அல்லி அரசாணி கதையில் அவள் மதுரையை ஆண்டவள், அர்ச்சுனனை மணந்தவள். நம் கரையில் சொல்லப்படும் கதையில் அவள் தெற்கே குதிரைமலையில் இருந்து முத்து வணிகத்தை ஆண்டவள். ஆண்களை அடக்கி ஆண்ட ராணி, கூடவே முத்து. இப்படி ஒருத்தி இருக்கும்போது, கடலோரம் ஆளில்லாமல் நிற்கிற தூண் வீட்டைச் சனம் வேறு யாருக்குக் கொடுக்கும்? நோர்த் 1805இல் தீவை விட்டே போய்விட்டார். வீடு அல்லிக்குப் போய்ச் சேர்ந்தது. எனக்கு அதில் வருத்தமில்லை. அவள் பெட்டகத்தைத் தேடி அத்திவாரத்தைக் கிண்டுகிறவர்கள் மேல்தான் வருத்தம்.

கேள்வி: ஒரு தேசாதிபதி கொழும்பை விட்டு அந்த வெயிலில் வந்து ஏன் வீடு கட்ட வேண்டும்? ஏதோ இருந்திருக்க வேண்டுமே, ரீச்சர்.
— அதே வவுனியா வாசகரின் நண்பர் (ஸ்கானர்காரர்தானோ?)

பதில்: இருந்தது. வீட்டுக்குக் கீழே இல்லை, வீட்டுக்கு முன்னால். மாடியில் ஏறி மேற்கே பார்த்தால் கடல். அந்தக் கடலுக்கு அடியில் முத்துச்சிப்பி படிந்த ‘பார்’கள். பெரிய பார், செவல் பார் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு.

1796இல் ஒல்லாந்தரிடமிருந்து கரையோரம் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. முதலில் வரவுசெலவெல்லாம் சென்னையில் இருந்த கிழக்கிந்தியக் கம்பனியின் பொறுப்பு. வந்த கையோடு 1796, 1797, 1798 என்று மூன்று வருடம் தொடர்ந்து குளிப்பு நடத்திப் பார்களை வழித்தெடுத்துவிட்டார்கள். நோர்த் வந்தபோது கஜானாவுக்குக் காசு தேவை, கடலிலோ சிப்பி குறைவு. இருக்கிறதையாவது களவு போகாமல் பார்க்க வேண்டும். அதற்குத்தான் வீடு. அது மாளிகையுமல்ல, கோட்டையுமல்ல. கணக்குப்பிள்ளை உட்காரும் மேசையைத் தூண் வைத்துக் கட்டியதாக வைத்துக்கொள்ளுங்கள்.

புதையல் வேட்டை என்று ஒன்று நடந்ததென்றால் அது அந்த வீட்டு வாசலில் நடந்ததுதான். எப்படி என்று சொல்கிறேன்.

மாரிக் காற்று ஓய்ந்து, சோளகம் என்ற தென்மேற்குக் காற்று எழுமுன் உள்ள மாசி, பங்குனி மாதங்கள்தான் காலம். நீர் தெளிந்து கடல் தூங்கும். இரவு பத்து மணியளவில் அரிப்பில் பீரங்கி வெடிக்கும். நிலக்காற்றில் பாய் விரித்து வள்ளங்கள் கிளம்பும். விடியும்போது பாருக்கு மேலே நிற்கும். ஒரு வள்ளத்தில் அதை நடத்தும் தண்டேல் ஒருவர், பத்துக் குளியாட்கள், அவர்களுக்குக் கயிறு பிடிக்கப் பத்துப் பேர். ஐந்து பேர் குளிக்க, ஐந்து பேர் மூச்சு வாங்குவார்கள். குளியாள் ஒரு காலால் கல் கட்டிய கயிற்றை விரலிடுக்கில் கவ்வி, மறுகாலில் வலைப்பையை மாட்டி, மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்குவான். ஆழம் ஐந்து முதல் பத்துப் பாகம் (ஒரு பாகம் ஆறடி). அடியில் ஒரு நிமிடம், கெட்டிக்காரன் என்றால் அதற்குக் கொஞ்சம் மேலே. கைக்கு அகப்பட்டதை வாரிப் பையில் போட்டுக் கயிற்றை இழுப்பான். மத்தியானம் கடற்காற்று எழும்பினதும் கரைக்குத் திரும்புவார்கள்.

சுறாவுக்கு என்ன செய்தார்கள் என்று கேட்பீர்கள். அதற்குக் கடல்கட்டி இருந்தார். மந்திரம் சொல்லிச் சுறாவின் வாயைக் கட்டுகிறவர். அவர் வராமல் ஒரு குளியாளும் கடலில் இறங்கமாட்டான். அதனால் பிரித்தானிய அரசாங்கமே அவருக்குச் சம்பளம் கொடுத்தது. ஒரே குடும்பத்துக்கு வழிவழியாக வந்த உரிமை. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அந்தக் குடும்பத் தலைவர் கத்தோலிக்கராக இருந்தார் என்று எமர்சன் டெனன்ட் என்ற அதிகாரி வியந்து எழுதியிருக்கிறார். மன்னாரில் பிறந்த எனக்கு இதில் வியப்பு ஒன்றும் இல்லை.

கரைக்கு வந்த சிப்பியைத் திறக்கக் கூடாது. பிற்காலத்தில் அரசாங்கம் அதை ஆயிரக்கணக்கில் அப்படியே ஏலம் விட்டது. உள்ளே முத்து இருக்கிறதா, தூள் இருக்கிறதா, ஒன்றுமே இல்லையா என்று வாங்குகிறவனுக்குத் தெரியாது. சுத்தமான லொத்தர்ச் சீட்டு. பெரிய செட்டிமார், மரைக்காயர்மார் ஆயிரம் பத்தாயிரம் என்று எடுப்பார்கள். சமையல்காரனும் சலவைக்காரனும் கையில் உள்ள சில்லறைக்கு ஒரு பிடி சிப்பி வாங்கி மணலில் குந்தியிருந்து உடைப்பார்கள்.

மொத்தமாக வாங்கினவர்கள் ‘கொட்டு’ என்று வேலியடைத்த இடத்தில் சிப்பியைக் குவித்து அழுகவிடுவார்கள். சதை புழுத்துக் கரைந்தபின் தண்ணீரில் அலசுவார்கள். அலசுகிறவன் கையை வாய்ப்பக்கம் கொண்டுபோகக் கூடாது, மேலே நின்று காவல்காரன் பார்த்துக்கொண்டிருப்பான். நாற்றத்தை மட்டும் எழுத்தில் கொண்டுவர முடியாது. அந்த நாற்றத்துக்குள் ஆயிரக்கணக்கான சனம் வாரக்கணக்கில் சமைத்துச் சாப்பிட்டுத் தூங்கி வியாபாரம் பண்ணியது. குளிப்பு முடிந்து கூடாரம் பிரித்த பிறகும், சிந்திய முத்தைத் தேடி ஏழைகள் மாதக்கணக்கில் மணலைச் சலித்தார்கள்.

ஆக, உங்கள் நண்பருக்கு முன்னால் அந்த மணலைச் சலித்தவர்கள் அதிகம். அவர்கள் பசியோடு சலித்தவர்கள், கண்ணும் கூர்மையானது. மிச்சம் வைத்திருப்பார்கள் என்று நான் நம்பவில்லை.

கேள்வி: எங்கள் முன்னோர் சிலாவத்துறைக்கு முத்துக் குளிக்கப் போனவர்கள் என்று வீட்டில் சொல்வார்கள். கீழக்கரையிலிருந்து அவ்வளவு தூரம் போய் என்ன கிடைத்திருக்கும்?
— கீழக்கரை வாசகர்

பதில்: சிப்பியில் பங்கு கிடைத்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குளியாள் தரப்புக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி அரசாங்கத்துக்கு. அந்தப் பங்கை அவர்கள் அங்கேயே கரையில் விற்றார்கள். கீழக்கரை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம், மன்னார் எல்லாப் பக்கமிருந்தும் ஆள் வந்தது. கடைசிக் காலத்தில் பாரசீக வளைகுடாவிலிருந்து அரபிகளும் வந்தார்கள்.

உங்கள் பக்கத்தவர்களுக்கு இன்னொரு கணக்கும் இருந்தது. இராமநாதபுரம் சேதுபதி, ஆர்க்காட்டு நவாப், சில கோயில்கள் எல்லாம் இத்தனை ‘கல்’ தங்களுக்கு என்று பழைய உரிமை கொண்டாடினார்கள். கல் என்றால் குளியாள் பிடித்து இறங்கும் கல். அதை வைத்துத்தான் உரிமையை எண்ணினார்கள். அந்தக் கல்லில் வந்த சிப்பிக்கு வரி கிடையாது. ஆங்கிலேயருக்கு இது பெரிய தலையிடி.

உங்கள் வீட்டில் பழைய பித்தளைத் தட்டுகள், அடியில் துளையிட்டவை, ஒன்றுக்குள் ஒன்று அடங்குவதாக இருந்தால் எறிந்துவிடாதீர்கள். முத்தைப் பருமன் வாரியாகப் பிரிக்கிற சல்லடை அது. ஒரு தொகுதிக்குப் பத்து. பெரிய துளையுள்ளதில் 20 துளை, பொடித் துளையுள்ளதில் 1000 துளை. 20 துளைத் தட்டிலும் விழாமல் நின்றது பெரிய முத்து. உருண்டையும் ஒளியும் கூடியிருந்தால் அது ஆணிமுத்து. எல்லாவற்றிலும் விழுந்தது தூள், அது மருந்துக்குப் போனது, பணக்கார வீடுகளில் வெற்றிலைச் சுண்ணாம்புக்கும் போனது. தோண்டி எடுக்கிற புதையலைவிட அந்தத் தட்டுகளுக்கு எனக்கு ஆசை அதிகம்.

கேள்வி: மழைத்துளி சிப்பிக்குள் விழுந்தால் முத்தாகும் என்பது உண்மையா?
— ஒன்பதாம் தர மாணவி, திருகோணமலை

பதில்: இல்லை, பிள்ளை. மணல் விழுந்து முத்தாகிறது என்று சொன்னாலும் பெரும்பாலும் சரியில்லை. 1902இல் ஹேர்ட்மன் என்ற விலங்கியல் பேராசிரியர் இந்தப் பார்களை ஆராய வந்தார். கூட வந்த ஜேம்ஸ் ஹோர்னெல், பிற்காலத்தில் சென்னை மாகாண மீன்வளத் துறையை நடத்தினார். நாடாப்புழுவின் குஞ்சு சிப்பிக்குள் புக, அதைச் சுற்றிச் சிப்பி முத்தை நெய்கிறது என்று அவர்கள் சொன்னார்கள். ஓடு சுரக்கிற தோல் கிழிந்து அதன் செல்கள் இடம் மாறிப் போனால் முத்து உருவாகும் என்பது இன்றைய விளக்கம். புழு, காயம் எதுவும் அதற்குக் காரணமாகலாம். பரீட்சையில் மழைத்துளி என்று எழுதாதே. கவிதையில் எழுதலாம்.

கேள்வி: இவ்வளவு நடந்த முத்துக்குளிப்பு பிறகு ஏன் நின்றது?
— மட்டக்களப்பு வாசகர்

பதில்: பேராசை பாதி, கடல் பாதி.

1905இல் 8 கோடிக்கு மேல் சிப்பி எடுத்தார்கள். அப்படி ஒரு வருடம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அந்த வெறியில் 1906இல் இலண்டன் கம்பனி ஒன்று, வருடம் 3,10,000 ரூபா குத்தகைக்கு, 20 வருடத்துக்குப் பார்களை எடுத்தது. அந்த வருடம்தான் மரிச்சுக்கட்டி முத்துக்குளிப்பு முகாமுக்கு லெனார்ட் வூல்ஃப் என்ற இளம் சிவில் உத்தியோகத்தர் வேலைக்குப் போனார். பிறகு எழுத்தாளர் வெர்ஜினியா வூல்ஃபின் கணவர் என்று உலகம் அறிந்தவர். 1907இல் ஒருமுறை குளிப்பு நடந்தது. பிறகு சிப்பி இல்லை. 1912இல் கம்பனி கணக்கை மூடியது. 1925இல் கடைசியாக ஒரு குளிப்பு. அவ்வளவுதான்.

வருடக்கணக்கில் சிப்பியே இல்லாமல் போவது புதிதல்ல. ஒல்லாந்தர் காலத்திலும் பல வருடங்கள் வெறும் வருடங்கள்தான். பாரை மணல் மூடும், திருக்கை கூட்டமாக வந்து தின்றுவிடும், நீரோட்டம் குஞ்சுகளை வேறு பக்கம் கொண்டுபோகும். ஆனால் முன்பெல்லாம் காத்திருந்தால் திரும்பி வந்தது. இதற்கிடையில் ஜப்பானில் மிகிமோட்டோ என்பவர் சிப்பிக்குள் கருவை வைத்து முத்தை ‘விளைவிக்க’த் தொடங்க, கடல்முத்தின் விலை படுத்துவிட்டது. தூத்துக்குடிப் பக்கம் 1961வரை குளித்தார்கள். 1973இல் அதே தூத்துக்குடியில் இந்திய ஆய்வாளர்கள் வளர்ப்பு முத்து எடுத்தும் காட்டினார்கள். நம் பக்கம் அந்த வீடுதான் மிச்சம்.

கேள்வி: என் வாப்பும்மா (வாப்பாவின் தாய்) மன்னார் மாவட்டத்து முசலியில் பிறந்தவர். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது நகைகளைத் தகரப் பேணியில் போட்டு வளவுக்குள் புதைத்துவிட்டு வந்ததாகச் சொல்வார். அவர் மௌத்தாகிவிட்டார். இப்போது நாங்கள் போய்த் தோண்டினால் புதையல் தோண்டினதாகப் பிடிப்பார்களா?
— புத்தளம் வாசகி

பதில்: மகள், இந்தக் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன்.

உரிமையாளர் யாரென்று தெரிந்த பொருள் புதையல் ஆகாது. அது உங்கள் குடும்பத்துச் சொத்து. ஆனால் இரவில் போகாதீர்கள், சொல்லாமலும் போகாதீர்கள். முதலில் காணி உறுதியையோ அனுமதிப் பத்திரத்தையோ தேடி எடுங்கள். கிராம அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள், பொலிஸிலும் ஒரு பதிவு போடுங்கள். அந்த வளவு கண்ணிவெடி அகற்றப்பட்ட இடமா என்று கேட்டு உறுதி செய்யாமல் மண்வெட்டியைத் தொடவே வேண்டாம். குடும்பத்தில் மூத்தவர் ஒருவரைக் கூட்டிப் போங்கள். கிணறு எங்கே இருந்தது, குசினி எந்தப் பக்கம், எந்த மரத்தடி என்பதெல்லாம் அவருக்குத்தான் நினைவிருக்கும். தகரம் உக்கியிருக்கும், தங்கம் உக்காது. உங்கள் விஷயத்தில் மட்டும், அனுமதியோடு, அந்த உலோக மெஷின் உதவும். வவுனியாத் தம்பிமார் கவனிக்க.

கேள்வி: அப்படியானால் உண்மையான பழம்பொருள் தற்செயலாகக் கிடைத்தால் யாருக்குச் சொந்தம்?
— மதுரை வாசகர்

பதில்: இலங்கையில் 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் இருக்கிறது. மண்ணுக்குள் கண்டெடுக்கப்படாமல் கிடக்கிற தொல்பொருள் எல்லாம் அரசுக்குச் சொந்தம். காணி உங்களுடையது என்றாலும் அதுதான் சட்டம். தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதியில்லாமல் அதற்காகக் கிண்டுவதே குற்றம். பூசைத் தட்டோடும் மெஷினோடும் பிடிபட்டவர்களின் படம் பேப்பரில் வராத மாதம் இல்லை.

உங்கள் பக்கம் 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம். 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளது கிடைத்தால் கலெக்டருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். அந்தப் பத்து ரூபாய் 1878இன் பத்து ரூபாய், இன்னும் அப்படியேதான் எழுதியிருக்கிறது.

கேள்வி: வருகிற விடுமுறைக்குப் பிள்ளைகளோடு அல்லிராணி கோட்டையைப் பார்க்கப் போகலாமா? பக்கத்தில் வேறென்ன இருக்கிறது?
— கொழும்பு வாசகி

பதில்: கட்டாயம். மன்னாரிலிருந்து தெற்கே அருவியாற்றைக் கடந்து அரிப்பு, அங்கிருந்து சிலாவத்துறைக்குப் போகிற வழியில் கடலோரம். அரிப்பிலேயே போர்த்துக்கேயர் கட்டி ஒல்லாந்தர் எடுத்துக்கொண்ட சின்னக் கோட்டையின் மிச்சம் இருக்கிறது. கண்டி அரசனிடம் 1660இல் அகப்பட்ட றொபேர்ட் நொக்ஸ், பத்தொன்பது வருடத்துக்குப் பிறகு தப்பிக் காட்டுவழியே ஆற்றைப் பிடித்து நடந்து, 1679 ஒக்டோபரில் வந்து சேர்ந்தது இந்தக் கோட்டைக்குத்தான். பிள்ளைகளுக்கு அல்லிராணி கதையையும் சொல்லுங்கள், நொக்ஸ் கதையையும் சொல்லுங்கள்.

காலையிலேயே போங்கள், பத்து மணிக்குமேல் நிழல் கிடையாது. தண்ணீர் கொண்டு போங்கள். கடல் பக்கச் சுவருக்குக் கீழே பிள்ளைகளை விடாதீர்கள், அடியில் மண் இல்லை. சிப்பி பொறுக்கட்டும். செங்கல்லை மட்டும் ஞாபகத்துக்கென்று எடுத்து வராதீர்கள்.